பத்தடி அறைக்கு ஒரு சவுண்ட்பார்: விசுவமடு வீடொன்றில் செய்த தெரிவு

கிளிநொச்சியில் தொலைக்காட்சியும் வானொலியும் திருத்தும் ஒரு சிறிய மேசையே என் தொழிலிடம். சவுண்ட்பார், அதாவது தொலைக்காட்சிக்கு முன்னால் வைக்கும் நீண்ட ஒலிபெருக்கிப் பெட்டி, வாங்க நினைத்து அந்த மேசையருகே வந்து நிற்பவர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது அது எத்தனை வாட் என்பதைத்தான். நானும் பல ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தேன். விசுவமடுவில் இருக்கும் என் மாமியின் அறைக்கு ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டி வந்தபோதுதான், வாட் என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய சங்கதி என்பதும், முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெட்டியை யார், எத்தனை ரிமோட்டுகளோடு, மின்சாரம் போய் வரும் வீட்டில் இயக்கப்போகிறார் என்பதும் எனக்கு உறைத்தது. அந்தத் தெரிவு நடந்த முறையை, முதலில் வாங்கி வீணான பெட்டியையும் சேர்த்து, இங்கே பதிவுசெய்கிறேன். அந்த வீணில் எனக்கும் பங்குண்டு.

வீடும் அறையும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில், தர்மபுரம் தாண்டி வரும் விசுவமடுவில், வீதியிலிருந்து சிறிது உள்ளே கிரவல் ஒழுங்கையில் மாமியின் வீடு இருக்கிறது. இந்திய வீட்டுத் திட்டத்தில், 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா உதவித்தொகையோடு தாமே நின்று கட்டிய வீடு அது. வன்னியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படியே ஏறத்தாழ 550 சதுர அடிக்குள் ஒரு மண்டபம், இரண்டு அறைகள், குசினி என்று குடியேறின. மாமியின் அறை பத்தடிக்குப் பதினோரடி. சுவர் சீமெந்துப் பூச்சு, தரை சீமெந்து, யன்னலுக்கு மெல்லிய சீலை ஒன்று. கூரைக்கு ஓடு போட்டிருக்கிறார்கள், உட்கூரை அடிக்கவில்லை. அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் கூரை வரை போகாமல் ஒன்பது அடியோடு நின்றுவிட, அதற்கு மேலே எல்லா அறைகளுக்கும் ஒரே வெளிதான். இந்த ஒரு விவரம் பின்னால் மிகப் பெரியதாக மாறியது.

வீட்டில் இருப்பவர்கள் இருவர். மாமிக்கு 71 வயது. அவருடைய பேரன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். அவனது மேசை பக்கத்து அறையில், அந்தப் பாதிச் சுவருக்கு மறுபுறம் இருக்கிறது. மகள் கனடாவில். மகளிடமிருந்து வரும் குரற்பதிவுகள், மாலையில் விளக்கு வைத்தபின் கைத்தொலைபேசியில் போடும் தேவாரம், இரவு எட்டு மணிக்குச் செய்தி, அதன் பின் ஒரு தொடர் நாடகம் ஆகியவையே மாமியின் கேட்டல் முழுவதும். தொலைக்காட்சி 32 அங்குலம். அது ஒரு பழைய தையல் மெசின் மேசையின் மேல் நிற்கிறது.

முறைப்பாடு

பேரன் என்னிடம் சொன்னது, "அம்மம்மாவுக்குக் காது கேக்கேல்லை, தொலைக்காட்சியை நாப்பதில வைக்கிறா, எனக்குப் படிக்கேலாம இருக்கு" என்பது. மாமி சொன்னது வேறு. "சத்தம் கேக்குது தம்பி. சொல்லுத்தான் விளங்கேல்லை."

முதலில் இந்த இரண்டு கூற்றுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை நான் கவனிக்காமல் விட்டேன். கவனித்திருந்தால் முதற் பெட்டியை வாங்கியிருக்க மாட்டோம். வயதோடு வரும் கேள்திறன் குறைவில் உயர் அதிர்வெண்களே முதலில் போகின்றன. பேச்சின் பலமும் கனமும் கீழ் அதிர்வெண்களில், உயிரெழுத்துகளில் இருக்கின்றன. ஒரு சொல்லை மற்றொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் கூர்மையோ பெரும்பாலும் 2,000 ஹேர்ட்சுக்கும் 4,000 ஹேர்ட்சுக்கும் இடையிலும் அதற்கு மேலும் இருக்கிறது. ஆகவே ஒலியளவைக் கூட்டும்போது ஏற்கெனவே கேட்ட உயிர்தான் இன்னும் பெரிதாகக் கேட்கிறது, கேளாத மெய் கேளாமலே நிற்கிறது. இதற்கு மேல், இன்றைய மெல்லிய தொலைக்காட்சிகளின் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ பார்க்கின்றன. கூர்மையான ஒலி நேரே வராமல் மேசையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வருகிறது. வெறும் சீமெந்து அறையில் அந்த எதிரொலி அடுத்த சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள, ஒரு மாலை, கடை, படை, சடை, தடை, மடை, வடை, விடை, குடை, நடை, எடை என்ற பத்துச் சொற்களையும் முன்பின்னாக மாற்றி இருமுறை என் குரலில் பதிவுசெய்து, ஒரு யூஎஸ்பி குச்சியில் போட்டுத் தொலைக்காட்சியில் ஒலிக்கவிட்டேன். மாமி கட்டிலில் இருந்தபடி கேட்ட சொல்லைத் திருப்பிச் சொன்னார். இருபதில் ஒன்பது தவறு. "படை" என்பதைக் "கடை" என்றும் "தடை" என்பதைப் "படை" என்றும் சொன்னாரே தவிர, "குடை"யையும் "விடை"யையும் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. உயிர் மாறினால் பிடிக்கிறார், மெய் மட்டும் மாறினால் நழுவுகிறது. "வடை" மட்டும் இரண்டு முறையும் சரியாக வந்தது. அதற்குக் காரணம் ஒலியியல் அல்ல, குசினியில் அப்போது எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. காதை வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. அது தனியாக நடந்தது. இந்தப் பதிவின் பொருள் அதுவன்று.

வீணான முதற் பெட்டி

இந்தச் சோதனைக்கு முன்பே ஒரு பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. பேரன் நகரத்துக் கடையொன்றில் கண்டு எனக்குப் படம் அனுப்பினான். நானும் விலையைப் பார்த்துவிட்டு "பரவாயில்லை, எடு" என்று சொன்னேன். அட்டைப்பெட்டியில் 1,000 வாட் என்று கொட்டை எழுத்திலும், அதன் கீழே பிஎம்பிஓ என்று பொடி எழுத்திலும் அச்சிட்டிருந்தது. பிஎம்பிஓ என்பது எவ்வித பொது அளவுகோலுக்கும் கட்டுப்படாத ஒரு விளம்பர எண். தொடர்ந்து எவ்வளவு வலு கொடுக்கிறது என்பதைச் சொல்லும் ஆர்எம்எஸ் அளவோடு அதற்குத் தொடர்பே இல்லை. உண்மையை அறிய அட்டையைப் பார்க்க வேண்டியதில்லை, மின்சாரம் உள்ளே போகும் இடத்தைப் பார்த்தால் போதும். அந்தப் பெட்டி யூஎஸ்பி வயரில் இயங்கியது: 5 வோல்ற்று, 2 அம்பியர். இரண்டையும் பெருக்கினால் 10 வாட். உள்ளே போவது 10 வாட் என்றால் வெளியே அதைவிடக் கூடுதலாகத் தொடர்ந்து வர வழியே கிடையாது. திருத்தும் தொழில் செய்பவன் இதைப் படத்திலேயே கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

உண்மையில் 10 வாட் என்பது அந்த அறைக்குப் போதாத அளவும் அல்ல. பெட்டி வீணானது வேறு காரணத்தால். அதில் புளூடூத் தவிர ஒரு 3.5 மில்லிமீற்றர் துளை மட்டும் இருந்தது, அந்தத் துளையில் வயரைச் செருகினால் தொலைக்காட்சியிலிருந்து ஓயாத இரைச்சல் வந்தது. தொலைக்காட்சியிலோ புளூடூத் இல்லை. எனவே தொலைக்காட்சியின் ஹெட்போன் துளையில் ஒரு சிறிய புளூடூத் அனுப்பியைப் பொருத்தினோம். அன்றிரவு செய்தி வாசிப்பவரின் வாய் மூடிய பிறகு சொல் வந்தது.

எவ்வளவு பிந்துகிறது என்று பார்க்க, கைதட்டும் காட்சியுள்ள ஒரு காணொளியைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, அதைக் கைத்தொலைபேசியில் செக்கனுக்கு 30 படங்கள் என்ற வேகத்தில் பிடித்து, தொகுக்கும் செயலியில் படம் படமாக நகர்த்திப் பார்த்தேன். கைகள் ஒன்றோடொன்று பட்ட படத்துக்கு ஆறு படங்கள் கழித்தே ஒலியலை எழும்பியது. ஒரு படம் ஏறத்தாழ 33 மில்லிசெக்கன். ஆறு படங்கள் 200 மில்லிசெக்கன். ஒலிபரப்புக்கான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 என்னும் பரிந்துரை, ஒலி 125 மில்லிசெக்கன் பிந்தினால் மனிதர் கண்டுகொள்வர் என்றும், 185 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தினால் ஏற்க மாட்டார்கள் என்றும் கூறுகிறது. நாங்கள் அந்த எல்லையையும் தாண்டியிருந்தோம். புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபக்கத்தில் சிறிது சேமித்து வைத்து விரிப்பதற்கு நேரம் எடுக்கிறது. புளூடூத் ஒலிக் கருவிகளில் பொதுவாக இருக்கும் எஸ்பிசி என்ற ஒலிச் சுருக்க முறையில் இந்தத் தாமதம் சாதாரணம். பாட்டுக் கேட்பவருக்கு இது எந்தக் குறையும் அல்ல, ஏனெனில் பாட்டுக்கு வாய் இல்லை. ஆனால் சொல் தெளிவாக விளங்காதவர்கள் தம்மை அறியாமலே உதட்டையும் பார்த்துத்தான் கேட்கிறார்கள். உதடும் சொல்லும் பிரிந்தபோது மாமிக்கு முன்பு விளங்கியதும் விளங்காமற் போயிற்று. பெரும்பாலான தொலைக்காட்சிகளில் இருக்கும் ஒலித் தாமத அமைப்பு ஒலியை இன்னும் பின்னே தள்ளுவதற்கு மட்டுமே பயன்படும், முன்னே இழுக்க உதவாது.

ஆகவே முதல் முடிவு இப்படி அமைந்தது: புளூடூத் சவுண்ட்பார் என்று கேட்டு வாங்கினாலும், தொலைக்காட்சிக்கும் அதற்கும் இடையில் வயர்தான் இருக்க வேண்டும், புளூடூத் கைத்தொலைபேசிக்கு மட்டும்.

எந்த வயர்

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் பெட்டியின் தரத்தைவிட இதுவே மாமியின் அன்றாடத்தை முடிவுசெய்தது. மாமியிடம் ஏற்கெனவே இரண்டு ரிமோட்டுகள் இருந்தன, ஒன்று தொலைக்காட்சிக்கு, மற்றது டிஷ் பெட்டிக்கு. மூன்றாவது ஒன்று வந்தால் அது ஒரு கிழமைக்குள் தலையணைக்கு அடியில் காணாமற்போகும் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

ஒளியிழை வயர், அதாவது கடைகளில் ஒப்டிக்கல் என்று கேட்டால் எடுத்துத் தருவது, 1983 இல் தொஷிபா கொண்டுவந்த முறை. மின் இரைச்சல் அதில் ஏறாது, தாமதமும் மிகக் குறைவு. ஆனால் தொலைக்காட்சியின் ரிமோட்டில் ஒலியைக் கூட்டினாலும் குறைத்தாலும் பெரும்பாலும் சவுண்ட்பாருக்குத் தெரியாது. அதற்குத் தனி ரிமோட் வேண்டும். இந்த வயரின் இரு முனைகளிலும் சிறிய பிளாஸ்டிக் மூடி போட்டு வருவதையும் சொல்லி வைக்கிறேன். "புதுப் பெட்டி, சத்தமே இல்லை" என்று என் மேசைக்கு வந்தவற்றில் சிலவற்றை அந்த மூடியைக் கழற்றிக் கொடுத்தே அனுப்பியிருக்கிறேன். அதற்குக் கூலி வாங்க மனம் வந்ததில்லை.

படமும் ஒலியும் ஒன்றாகப் போகும் எச்டிஎம்ஐ வயரில் ஏஆர்சி என்ற வசதி 2009 இல் வெளிவந்த 1.4 ஆம் பதிப்போடு வந்தது. படம் உள்ளே வரும் அதே துளையின் வழியாக ஒலி வெளியே திரும்பிப் போகும். அதோடு சேர்ந்து இயங்கும் சிஇசி என்ற கட்டுப்பாடு, தொலைக்காட்சி எழும்பும்போது சவுண்ட்பாரையும் எழுப்பி, அணையும்போது அணைத்து, தொலைக்காட்சி ரிமோட்டின் ஒலிப் பொத்தானையே சவுண்ட்பாருக்குக் கொடுத்துவிடுகிறது. சாம்சங் இதை அனிநெட் பிளஸ் என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைப்பதால், அமைப்புகளுக்குள் சிஇசி என்று தேடினால் பலருக்குக் கிடைப்பதில்லை. மாமியின் தொலைக்காட்சியில் இரண்டு எச்டிஎம்ஐ துளைகள் இருந்தன. ஒன்றின் அருகில் ஏஆர்சி என்று எழுதியிருந்தது; அதில் டிஷ் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதை மற்றத் துளைக்கு மாற்றினால் போதும். ஏஆர்சி இல்லாத சவுண்ட்பார்களை அன்றோடு பட்டியலிலிருந்து நீக்கினோம்.

அளவும் ஒலியும்

சிறியது என்றால் எவ்வளவு சிறியது என்பதற்கு மேசையே பதில் சொல்லியது. 32 அங்குலத் திரையின் அகலம் 71 சென்ரிமீற்றர் அளவு. சோனி எச்ரி-எஸ்100எஃப் 900 மில்லிமீற்றர் நீளம். தையல் மெசின் மேசையில் வைத்தால் இருபுறமும் வெளியே நீண்டு, போகும் வரும் சேலை முந்தானையை இழுக்கும். யமஹா எஸ்ஆர்-சி20ஏ 600 மில்லிமீற்றர் நீளமும் 64 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது, ஏஆர்சியும் உண்டு. நீளத்தில் இந்த அறைக்குப் பொருத்தமான உருவம் அதுவே. கிரியேட்டிவ் ஸ்ரேஜ் எயார் 410 மில்லிமீற்றர்தான், உள்ளே மின்கலமும் உண்டு என்பதால் மின்வெட்டில் கைத்தொலைபேசிப் பாட்டுக்கு அருமையானது. எச்டிஎம்ஐ இல்லாததால் கழிந்தது. பெயர் பெற்றதெல்லாம் பொருந்தும் என்றும் நினைக்கக்கூடாது: 2022 இல் வந்த சோனோஸ் ரே அளவில் கச்சிதமாக இருந்தும், அதில் எச்டிஎம்ஐயும் இல்லை, புளூடூத்தில் பாட்டுப் போடவும் வழியில்லை.

உயரத்தையும் அளக்க வேண்டும் என்பது பலர் மறப்பது. தொலைக்காட்சியின் கால்கள் அதன் கீழ்விளிம்பை மேசையிலிருந்து ஆறு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கி வைத்திருந்தன. ரிமோட்டின் கதிரை வாங்கும் கண் அந்தக் கீழ்விளிம்பில் இருந்தது. அதைவிட உயரமான பெட்டியை முன்னால் வைத்தால் ரிமோட் வேலை செய்யாது, "தொலைக்காட்சி பழுது" என்று எனக்கு அழைப்பு வரும்.

இரண்டு பெட்டிகளைச் சோதனைக்கு எடுத்தோம். ஒன்று, நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய, தனியாக ஒரு தாழொலிப் பெட்டியும் (சப்வூஃபர்) உள்ளது. மற்றது, 60 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தனிப் பெட்டி, திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சோடு கடையிலிருந்து எடுத்தது.

தாழொலிப் பெட்டி உள்ளதைப் போட்டதும் பேரன் முகம் மலர்ந்தது; ஐந்து நிமிடங்களில் அவனே பக்கத்து அறையிலிருந்து வந்து நின்றான். கூரையோடு சேராத சுவருக்கு மேலால் தாழொலி அப்படியே அங்கு இறங்கியிருந்தது. நாடகத்தில் யாரோ கதவைச் சாத்தினால் அவனது மேசை அதிர்ந்தது. இதற்கு அறையின் அளவும் உடந்தை. நம் வெயிலில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்கிறது, சுவர்களுக்கிடையே 3.35 மீற்றரும் 3.05 மீற்றரும் உள்ள அறையில், முறையே 52 ஹேர்ட்சுக்கும் 57 ஹேர்ட்சுக்கும் அருகில் ஒலியலை தன்னைத்தானே மடித்துப் பெருக்கிக்கொள்கிறது. தாழொலிப் பெட்டி உயிரோடு வேலை செய்வது அதே வீச்சில். இரண்டு அங்குல ஒலிபெருக்கிக் கூம்புகள் மட்டும் கொண்ட தனிப் பெட்டியோ அந்த ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. பெரிய மண்டபத்தில் குறையாகத் தெரியும் ஒன்று பத்தடி அறையில் நன்மையாக மாறுகிறது. சொல் விளங்க வேண்டும் என்பவருக்குத் தாழொலி உதவுவதில்லை, மறைக்கிறது.

தூரத்தையும் மாற்றினோம். கட்டிலின் தலைமாடு தொலைக்காட்சியிலிருந்து மூன்று மீற்றர் அளவில் இருந்தது. கட்டிலைத் திருப்பிப் போட்டதும் அது ஒன்றரை மீற்றரானது. தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி 6 டெசிபெல் கூடுகிறது. அதே 6 டெசிபெல்லைப் பெட்டியிலிருந்து பெற வேண்டுமென்றால் வாட்டை நான்கு மடங்காக்க வேண்டும். அதுவும் வாட்டைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும், கிட்ட வந்தால் நேர் ஒலி மட்டும் கூடும். எதிர்ச்சுவரில் சேலைகள் தொங்கும் கொடி ஒன்றைக் கட்டி, தரையில் பெரிய பாய் ஒன்றையும் விரித்தோம். செலவென்று சொல்ல சில முழம் கயிறுதான்.

மின்சாரம் போய் வந்தால்

2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. இன்று அந்த நிலை இல்லை. ஆனால் மழைக்காலத்தில் மரக்கொப்பு விழுந்தோ, இடி இடித்தோ, சிறு சிறு தடைகள் விசுவமடுவில் வழமை. ஆகவே இரண்டு பெட்டிகளையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைக் கழற்றி, பத்து வரை எண்ணி, திரும்பச் செருகிப் பார்த்தேன்.

இரவல் பெட்டி எழும்பி, முன்பு எந்த வழியில் இருந்தது என்பதை மறந்து, ஆங்கிலத்தில் ஒரு பெண்குரலில் உரக்க "புளூடூத் மோட்" என்று அறிவித்தது. "ஆர் தம்பி இங்கிலீசில கதைக்கிறது?" என்று மாமி திடுக்கிட்டார். நள்ளிரவு இரண்டு மணிக்கு மின்சாரம் திரும்பி வரும்போது இதே அறிவிப்பு வருவதை எண்ணிப் பார்த்தால் போதும். தனிப் பெட்டி மௌனமாகத் துயில்நிலையில் நின்று, தொலைக்காட்சி எழுந்ததும் தானும் எழுந்து, கடைசியாக இருந்த எச்டிஎம்ஐயையே பிடித்துக்கொண்டது. இந்த இயல்பைப் பற்றி எந்த அட்டைப்பெட்டியிலும் ஒரு வரிகூட இருப்பதில்லை. கடையில் நின்று பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர அறிய வழியில்லை.

இரவல் பெட்டியின் இன்னொரு குணம் மாலையில் வெளிப்பட்டது. விளக்கு வைத்தபின் மாமி கைத்தொலைபேசியில் தேவாரம் போட்டிருந்தார். இடையில் அழைப்பொன்று வரவே எழுந்து வெளியே போனார். திரும்பி வருவதற்குள் பெட்டியிலிருந்து குத்துப்பாட்டு ஒன்று அறை அதிரக் கேட்டது. வேலிக்கு அப்பால் அயல் வீட்டுப் பையன் தன் கைத்தொலைபேசியில் புதிதாகத் தெரிந்த பெயரைத் தொட்டிருக்கிறான், அது கேள்வி எதுவுமின்றி இணைந்துவிட்டது. "சாமி கும்பிடுற நேரத்தில இதென்ன கூத்து" என்று மாமி கேட்ட குரல் அந்தப் பையனுக்கு வேலி தாண்டிக் கேட்டது, புளூடூத் இல்லாமலே. மலிவான பெட்டிகள் பல எப்போதும் தம்மை வெளிக்காட்டியபடி, கடவெண் எதுவும் கேளாமல் யாரையும் ஏற்றுக்கொள்கின்றன. தனிப் பெட்டியில் புதிய கைத்தொலைபேசியை இணைக்க அதன் மேலுள்ள பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அது போதும்.

மின்சாரத்தைப் பொறுத்து, தொழில் காரணமாக எனக்கு ஒரு பக்கச்சார்பு உண்டு. மின்மாற்றி பெட்டிக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே தனி அடப்டராக இருப்பதையே நான் விரும்புவேன். மின்னலில் அழுத்தம் ஏறும்போது பெரும்பாலும் முதலில் சாவது அதுதான். வெளியே இருந்தால் அதே வோல்ற்று, அதே அல்லது கூடிய அம்பியர், அதே முனைக்குறி உள்ள வேறொன்றைக் கிளிநொச்சியிலேயே வாங்கி மாட்டலாம். உள்ளே இருந்தால் பெட்டியையே திறக்க வேண்டும். தனிப் பெட்டியின் அடப்டரில் 15 வோல்ற்று, 2 அம்பியர் என்று இருந்தது. முப்பது வாட். பத்தடி அறைக்கு இது தேவைக்கும் மேல்.

வாங்கியதும் பொருத்தியதும்

தனிப் பெட்டியையே வைத்துக்கொண்டோம். தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கினேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. முதற் பெட்டிக்குப் பேரன் அதை வாங்காததால்தான் அது இன்று என் மேசையில் வானொலி சோதிக்கும் ஒலிபெருக்கியாக இருக்கிறது.

பொருத்திய அன்று ஒரு மணி நேரம் சத்தமே வரவில்லை. வயர் சரி, ஏஆர்சி துளை சரி, சிஇசி திறந்திருந்தது. தொலைக்காட்சி சில அலைவரிசைகளின் ஒலியை டொல்பி என்ற சுருக்க முறையில் அப்படியே வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. இந்த வகைச் சிறிய பெட்டிகள் பலவற்றுக்கு அது விளங்காது. தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு என்ற இடத்தில் பிசிஎம், அதாவது சுருக்காத ஒலி, என்று மாற்றியதும் ஒலி வந்தது. பேச்சுக்கென இருக்கும் ஒலி முறையைப் போட்டு, தாழொலியை இரண்டு படி குறைத்து, ரிமோட்டை அட்டைப்பெட்டியோடு அலுமாரியின் மேல் வைத்துவிட்டேன்.

அதே இருபது சொற்களை அதே வரிசையில் மறுபடி போட்டோம். மாமி மூன்று சொற்களை மட்டும் தவறவிட்டார். முன்பே கேட்ட பட்டியல் என்பதால் நினைவும் சிறிது உதவியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொலைக்காட்சியில் முன்பு நாற்பதில் நின்ற ஒலியளவு இப்போது பதினெட்டில் நிற்கிறது என்று பேரன் சொல்கிறான். தொலைக்காட்சியின் எண்ணும் சவுண்ட்பாரின் எண்ணும் ஒரே அளவுகோல் அல்ல. அவன் கதவைச் சாத்தாமல் படிக்கிறான் என்பதே எனக்கு நம்பத்தக்க அளவீடு.

ஆறு மாதங்களுக்குப் பின்

இடையில் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். முதல்முறை, நாடகத்தின் நடுவே பெட்டி தானாக அணைகிறது என்று அழைத்தார்கள். சத்தமில்லாமல் இருபது நிமிடங்கள் போனால் துயில்நிலைக்குப் போகும் மின்சேமிப்பு ஏற்பாடு அது. ஒலியை மிகக் குறைத்து வைத்தால் சில பெட்டிகள் அதையும் சத்தமின்மை என்றே எடுத்துக்கொள்கின்றன. மாமி பேரனுக்காக ஒலியை ஐந்துக்குக் குறைத்திருந்தார். பெட்டியின் அமைப்பில் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் முறை, தாழ்ந்த குரல்கள் உறுமுகின்றன என்றார்கள். பெட்டியின் பின்புறத்தில் காற்று போய் வரும் ஒரு துளை உண்டு. அதனுள் சிற்றெறும்புகள் மண்ணும் முட்டையுமாகக் குடியேறியிருந்தன. மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்து, துளையின் வாயில் கண்ணறை பெரிய கொசுவலைத் துண்டொன்றை ஒட்டினேன். துணியால் அடைத்தால் துளை இருப்பதன் பயன் போய்விடும். மேசைக்கால்கள் நான்கும் இப்போது தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் நிற்கின்றன.

எதனாலும் தீராத ஒன்றும் இருக்கிறது. மாமியின் அறைக்கு வெளியே விறாந்தைக்குத் தகரச் சீற்றுப் போட்டிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் அந்தத் தகரத்தின் இரைச்சலுக்கு முன் முப்பது வாட்டும் ஒன்றுதான், முந்நூறு வாட்டும் ஒன்றுதான். அந்த நேரங்களில் மாமி ஒலியைக் கூட்டுவதில்லை. மின்னலுக்குப் பயந்து இரண்டு பிளக்குகளையும் கழற்றி வைத்துவிட்டு, கதிரையை விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போகிறார்.